எட்டுப் பேரும் ஏழு நாளும்

வணக்கம் சார்,

உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நாங்கள் எட்டுப் பேர், ஐந்து பெண்கள், மூன்று ஆண்கள், பாலித் தீவுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். ஒரு டிராவல்ஸ்காரர் 'சிறு குழு கலாச்சார மற்றும் கடற்கரைச் சுற்றுலா' என்று ஏழு நாள் திட்டம் கொடுத்திருக்கிறார். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். என் மகன், "அங்கே எல்லாமே டூரிஸ்டுக்குப் போடுகிற வேஷம், அதற்கு அந்தமான் போங்கள்" என்கிறான். தோழி ஒருத்தியோ, "அது நம் சோழர்கள் ஆண்ட மண், பார்த்தே ஆகவேண்டும்" என்கிறாள். யார் சொல்வது சரி? சிறு குழு என்பதால் உண்மையில் ஏதாவது வித்தியாசம் உண்டா, அல்லது கூடுதல் பணம் வாங்க ஒரு சாக்கா? எங்களில் இருவர் சைவம், ஒருவருக்கு முழங்கால் வலி. எந்தக் கடற்கரை, எந்த மாதம் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ப., ஈரோடு

அன்புள்ள ப.,

திட்டத்தைப் பார்த்தேன். அதில் மூன்றாம் நாளை மட்டும் எடுத்துக்கொள்வோம். தீவின் நடுவில் உள்ள உபுட் ஊரிலிருந்து காலையில் கிளம்பி லெம்புயாங் கோயில், தீர்த்த கங்கா நீர் அரண்மனை, புனுகுப்பூனை தின்று கழித்த கொட்டையில் போடும் லுவாக் காபித் தோட்டம், செலுக் ஊரில் வெள்ளி நகைக் கடை, சாயங்காலம் உலுவாத்துவில் கெச்சாக் நடனம். லெம்புயாங் இருப்பது தீவின் கிழக்கு மூலையில். உலுவாத்து தெற்கு முனை. வரைபடத்தில் பக்கம் பக்கமாகத் தெரியும். ஆனால் பாலியின் சாலைகள் குறுகியவை, தெற்கே நெரிசல் சொல்லி மாளாது. அன்றைக்குப் பாதி நாள் வேனிலேயே கழியும். லெம்புயாங்கில் 'சொர்க்க வாசல்' படம் எடுப்பதற்கு நம்பர் கொடுத்து உட்கார வைப்பார்கள்; கூட்டம் இருந்தால் இரண்டு மூன்று மணி நேரம். படத்தில் வாசலுக்கு முன்னால் தண்ணீரில் நிழல் விழுகிறதே, அங்கே ஏரி, குளம் எதுவும் கிடையாது. படம் எடுத்துக் கொடுப்பவர் போன் லென்ஸுக்குக் கீழே ஒரு கண்ணாடித் துண்டைப் பிடிக்கிறார். உங்கள் மகன் சொன்ன வேஷம் இதுதான் என்றால் நான் அவர் கட்சி.

இந்தப் பட்டியல் நாற்பது பேர் போகும் பஸ்ஸுக்குப் போட்டது. வண்டியை மட்டும் சின்னதாக்கி உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே கூடுதல் பணம் வாங்க ஒரு சாக்கா என்ற உங்கள் கேள்விக்கு, இந்தத் திட்டத்தைப் பொறுத்தவரை ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் எட்டுப் பேர் என்பது பாலிக்கு உண்மையிலேயே நல்ல எண்ணிக்கை. அதை வீணாக்காதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். பாலியில் வீடு என்பது ஒரே கட்டடம் இல்லை. சுற்றுச்சுவர் போட்ட வளாகம்; உள்ளே தனித்தனிக் கட்டுகள், வடகிழக்குப் பக்கத்தில் குடும்பக் கோயில். உபுடிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பல குடும்பங்கள் அந்த வளாகத்துக்குள்ளேயே நான்கைந்து அறைகள் கட்டி வாடகைக்கு விடுகின்றன. எட்டுப் பேர் அப்படி ஒரு வளாகத்தில் மொத்தமாகத் தங்கிவிடலாம். பதினாறு பேர் முடியாது, ஹோட்டலுக்குத்தான் போகவேண்டும். காலையில் அந்த வீட்டு அம்மா தென்னங்குருத்தில் சின்னத் தட்டு பின்னி, பூ வைத்து, ஊதுபத்தியோடு வாசலில், அடுப்படியில், மோட்டார் பைக்கின் மேல்கூட வைப்பதைப் பார்க்கலாம். யாருக்காகவும் செய்துகாட்டுவதில்லை, தினமும் நடப்பது.

இரண்டாவது காரணம் பஞ்சாங்கம். பாலியில் சக வருடக் கணக்கு ஒன்றும், 210 நாள் சுற்று ஒன்றும் சேர்ந்தே நடக்கின்றன. பெரும்பாலான கோயில்களின் ஆண்டு விழா, அதாவது ஓடலான், இந்த 210 நாளுக்கு ஒருமுறை வரும். ஒவ்வொரு கிராமத்துக்கும் குறைந்தது மூன்று கோயில்கள். தீவு முழுக்க ஆயிரக்கணக்கில். எந்த நாள் போனாலும் பக்கத்தில் எங்கோ ஓர் ஊரில் திருவிழா இருக்கும். அது எந்த டிராவல்ஸ்காரரின் திட்டத்திலும் வராது, ஏனென்றால் அவர் மாதக்கணக்கில் முன்னாடியே அச்சடித்துவிடுகிறார். தங்கும் வீட்டுக்காரருக்கும் டிரைவருக்கும்தான் தெரியும். "இன்றைக்கு ராத்திரி எங்கள் ஊரில் ஓடலான்" என்று டிரைவர் சொல்லும்போது எட்டுப் பேர் திட்டத்தை மாற்றிக்கொண்டு போய் ஓரமாக உட்கார முடியும். நாற்பது பேர் போனால் ஊர்க்காரர்களுக்குத் தொந்தரவு. எட்டுப் பேர் இருந்தும் மாலை 6 மணி கெச்சாக் டிக்கெட் கையில் இருக்கிறதே என்று நீங்கள் போகாமல் விட்டால், சிறு குழுவாக வந்ததில் என்ன பிரயோசனம்? ஆகவே ஏழு நாளில் மூன்று நாட்களை வெறுமையாக விடச் சொல்லுங்கள். டிராவல்ஸ்காரர் பயப்படுவார். விடச் சொல்லுங்கள்.

கோயிலுக்குள் போவதென்றால் சாருங், இடுப்பில் ஒரு துணிக்கச்சை இரண்டும் வேண்டும். உங்கள் ஆண்கள் வேட்டி எடுத்துப் போகட்டும், கச்சையை அங்கே வாங்கிக்கொள்ளலாம். மாதவிலக்கு, சாவுத் தீட்டு உள்ளவர்கள் உள்ளே வரக்கூடாது என்று வாசலிலேயே எழுதியிருக்கும். அந்த விதியைப் பற்றி நமக்கு ஆயிரம் கருத்து இருக்கலாம், அங்கே விருந்தாளியாகப் போய்ச் சண்டை போட வேண்டியதில்லை. பூசாரியை விட உயரமான இடத்தில் ஏறி நிற்காதீர்கள், கும்பிடுபவர்களுக்கு முன்னால் குறுக்கே போகாதீர்கள்.

இனி அந்த வேஷம் விஷயம். உங்கள் மகனின் கேள்வியை அவருக்கு முன்பே பாலிக்காரர்கள் கேட்டுவிட்டார்கள். 1906-லும் 1908-லும் பாலி அரச குடும்பங்கள் டச்சுத் துப்பாக்கிகளுக்கு முன்னால் வெள்ளை உடுத்தி நடந்து வந்து செத்தன. பெண்களும் குழந்தைகளும் உட்பட. அந்தக் கொலைக்களம் ஐரோப்பாவில் டச்சுக்காரர்களுக்குப் பெரிய கெட்டபெயரைத் தந்தது. அதன் பிறகு அதே அரசு பாலியின் கலாச்சாரத்தைக் காப்பாற்றுகிறோம் என்று இறங்கி, கப்பல் கம்பெனியோடு சேர்ந்து சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுவந்தது. 1928-ல் பாலியின் தலைநகர் டென்பசாரில் பாலி ஹோட்டல் திறந்தார்கள், விருந்தினர்களுக்கு அங்கே நடனம் நடந்தது. ஆக, டூரிஸ்டுக்கு ஆடுவது பாலியில் நூறு வருடப் பழக்கம். உங்கள் பட்டியலில் 'புராதன ராமாயண நடனம்' என்று போட்டிருக்கும் கெச்சாக்கும் 1930களில் உருவானதுதான். சாமியாட்டச் சடங்கில் ஆண்கள் கூடி 'சக் சக்' என்று ஒலி எழுப்பும் பகுதியை எடுத்து, ராமாயணக் கதையோடு கோர்த்தார்கள். பெடுலு ஊரைச் சேர்ந்த நடனக் கலைஞர் வயான் லிம்பாக், அப்போது பாலியில் வாழ்ந்த ஜெர்மன் ஓவியர் வால்டர் ஸ்பீஸ் இருவருக்கும் அதில் பங்கு உண்டு. அதனால் கெச்சாக் போலி ஆகிவிடுமா? எனக்குத் தோன்றவில்லை. நல்ல குழு ஆடினால் மயிர்க்கூச்செறியும். புராதனம் என்று சொல்லி விற்பதுதான் பொய்.

1971-ல் பாலிக்காரர்களே டென்பசாரில் கூடி உட்கார்ந்து, டூரிஸ்டுக்கு எதை ஆடலாம், எதை ஆடக்கூடாது என்று ஒரு கோடு போட்டார்கள். கோயிலின் உள்பிரகாரத்தில் ஆட வேண்டிய புனித நடனங்கள் ஒரு வகை, நடுப்பிரகாரத்தில் சடங்கோடு ஒட்டியவை இன்னொரு வகை, வெளியே யாரும் பார்க்கலாம் என்பவை மூன்றாவது. முதல் வகையை விற்கக்கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கலை இதற்குக் கட்டுப்படவில்லை. பெண்டெட் என்று கோயிலில் தெய்வங்களை வரவேற்க ஆடும் நடனம் ஒன்று உண்டு. அதைப் போய் ஹோட்டல் மேடையில் ஆடுகிறோமே என்று உறுத்தி, கிட்டத்தட்ட அதே காலத்தில், டூரிஸ்டுகளுக்கென்றே பன்யெம்பிராமா என்று ஒரு புது வரவேற்பு நடனத்தை அமைத்தார்கள். அதைக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் ஊருக்குத் திரும்பி, நன்றாக இருக்கிறதே என்று கோயிலிலேயே ஆடத் தொடங்கினார்கள். எது வேஷம், எது பக்தி என்று இதில் எப்படிப் பிரிப்பது? மகனிடம் கேட்டுப் பாருங்கள்.

தோழிக்கு ஒரு சிறு வருத்தச் செய்தி. ராஜேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பு ஸ்ரீவிஜயத்தின் மேல். அது சுமத்ரா, மலாய் தீபகற்பம் பக்கம். பாலியைச் சோழர்கள் ஆளவில்லை. பாலியின் இந்து மரபு பெருமளவு ஜாவா வழியாக வந்து, மஜாபாஹித் என்ற ஜாவாப் பேரரசின் காலத்தில் உறுதிப்பட்டது. ஆனால் தோழியை முழுக்க ஏமாற்ற மனமில்லை. வட பாலிக் கடற்கரையில் செம்பிரான் என்ற ஊரில் தோண்டியபோது, நம் புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் கிடைப்பது போன்ற பானை ஓடுகள் கிடைத்தன. சோழப் பேரரசுக்குச் சுமார் ஆயிரம் வருடம் முன்னாலேயே கடல் வணிகம் இந்தத் தொலைவை எட்டியிருக்கிறது. படையைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

கலாச்சாரம் என்றதும் உங்கள் டிராவல்ஸ்காரருக்குக் கோயிலும் நடனமும்தான் தெரிகின்றன. வயலை 'போட்டோ ஸ்டாப், 20 நிமிடம்' என்று போட்டிருக்கிறார். காவிரிப் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு இது அநியாயம். பாலியில் ஒரே வாய்க்காலில் நீர் பாயும் விவசாயிகள் சேர்ந்து சுபாக் என்ற சங்கமாக இருக்கிறார்கள். எந்தச் சுபாக்குக்கு எப்போது தண்ணீர், எப்போது நடவு, எப்போது தரிசு என்பதெல்லாம் நீர்க்கோயில்களின் விழாக்களோடு பின்னிப் பிணைந்தது. மேலே பாட்டூர் ஏரிக் கோயில் வரை அந்தச் சங்கிலி போகிறது. 1970களில் பசுமைப் புரட்சி வந்தபோது, கோயில் கணக்கெல்லாம் வேண்டாம், புது ரகம் போட்டு முடிந்தவரை தொடர்ந்து நடுங்கள் என்று அரசு சொன்னது. புகையான் பூச்சி வயல்களைத் தின்று தீர்த்தது. ஒரு பெரிய பரப்பு முழுக்க ஒரே நேரத்தில் நட்டு, ஒரே நேரத்தில் தரிசு போட்டால் பூச்சிக்கு அடுத்த வேளைச் சோறு கிடைக்காது. கோயில் பஞ்சாங்கம் செய்துவந்தது அதைத்தான். கடைசியில் பழைய முறைக்கே வந்தார்கள். 2012-ல் யுனெஸ்கோ இந்தச் சுபாக் நிலப்பரப்புகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, ஜாதிலுவி அதில் வருகிறது. அங்கே ஒரு முழுக் காலைப்பொழுது வேண்டும். சம நடைபாதைகளும் இருப்பதால் முழங்கால் வலிக்காரரும் கொஞ்சதூரம் வரலாம்.

முழங்கால் என்றதும் பக்கத்துத் தீவான நூசா பெனிடாவை அடித்துவிடுங்கள். வேகப்படகிலிருந்து இறங்குவதே சிரமம், அங்கே சாலை மோசம், கெலிங்கிங் கடற்கரையை மேலிருந்து பார்க்கலாமே தவிர அந்தச் செங்குத்துப் படிகளில் இறங்குவது நம் வயதுக்கு இல்லை. கூட்டா கடற்கரையும் வேண்டாம். அலை பெரிது, இழுப்பு உண்டு. அதற்குப் பதில் சானூர் கடற்கரையில் இரண்டு நாள் இருங்கள். வெளியே பவளத்திட்டு தடுப்பதால் கரையோரத் தண்ணீர் அமைதி, கடலையொட்டி நீண்ட நடைபாதை, கிழக்குப் பார்த்த கரை என்பதால் சூரிய உதயம். பாலியின் ஒரே பழைய உயரக் கட்டடமும் அங்கேதான், 1966-ல் ஜப்பானியப் போர் இழப்பீட்டுப் பணத்தில் கட்டிய பத்து மாடி ஹோட்டல். அதைப் பார்த்துப் பதறித்தான் தென்னை உயரத்துக்கு மேல் கட்டக்கூடாது, 15 மீட்டர்தான் என்று விதி போட்டார்கள். அந்த ஹோட்டல் விதிக்கு முன்பே வந்துவிட்டதால் இன்றும் நிற்கிறது, அசிங்கமாக. கண்ணாடி போட்டு மீன் பார்க்க ஆசை உள்ளவர்கள் கிழக்கே அமெட் போகலாம். கறுப்பு எரிமலை மணல், கரையிலிருந்து நாலு எட்டு நீந்தினால் பவளம்.

மாதம்: மே, ஜூன், செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் விலையும் அதிகம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை மழை. மேற்குக் கரைகளில் கடல் குப்பையைக் கொண்டுவந்து கொட்டும் காலமும் அதுதான். மார்ச்சில் போனால் நியெப்பி, அதாவது பாலியின் புத்தாண்டு மௌன நாள், எந்தத் தேதி என்று பாருங்கள். அன்றைக்கு விமான நிலையமே 24 மணி நேரம் மூடியிருக்கும், தெருவில் யாரும் நடமாடக்கூடாது, ராத்திரி விளக்கு வெளியே தெரியக்கூடாது. ஒரு முழு நாள் போய்விடும். ஆனால் நானாக இருந்தால் அதற்காகவே தேதி பார்த்துப் போவேன். இறங்கியதும் விசாவுக்கு 5,00,000 ரூபியா, 2024 பிப்ரவரியிலிருந்து வாங்கும் சுற்றுலாக் கட்டணம் 1,50,000 ரூபியா. 'எல்லாம் சேர்த்து' என்று டிராவல்ஸ்காரர் சொல்லியிருந்தால் இவை இரண்டும் அதில் உண்டா என்று கேளுங்கள். கூடவே மூன்று கேள்விகள்: எங்கள் எட்டுப் பேரோடு வேறு யாரையும் சேர்ப்பீர்களா? கடைகளில் எத்தனை முறை நிறுத்துவீர்கள்? நாங்கள் வேண்டாம் என்றால் நிறுத்தாமல் போவீர்களா? லுவாக் காபித் தோட்டத்தைக் கட்டாயம் வெட்டுங்கள், பல இடங்களில் அந்தப் புனுகுப்பூனைகளைக் கூண்டில் அடைத்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டுக் காபி இறங்காது.

சைவம் சாப்பிடும் இருவருக்கு டெம்பே, டாஹூ என்ற சோயா உணவுகள், காய்கறியோடு சோறு என்று எங்கும் கிடைக்கும். ஆனால் சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் பெரும்பாலும் தெராசி, அதாவது இறால் விழுது, கலந்திருக்கும். 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால் சமையல்காரருக்கு இறால் நினைவுக்கு வராது. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தங்கும் வீட்டில் முதல் நாளே சொல்லிவிட்டால் அந்த அம்மா தெராசி இல்லாமல் இடித்துத் தருவார். ஊறுகாய் பாட்டிலை எப்படியும் எடுத்துப் போவீர்கள், அதை நான் சொல்லத் தேவையில்லை.

அன்புடன்.