இரண்டு மாத லீவில் இலங்கைக்கு வருகிறீர்களா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டின் மேல்மாடியை, நீண்ட லீவில் வருகிறவர்களுக்கு வாடகைக்குக் கொடுத்து வருகிறேன். பதினாறு வருடமாகிறது. வருகிறவர்கள் கேட்பதும் போகும்போது குறைப்படுவதும் பெரும்பாலும் ஒன்றுதான். அண்மையில் எனக்கு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

டொரோண்டோவிலிருந்து ஒரு அக்கா: ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் பிள்ளைகளோடு வருகிறோம். மிரிஸ்ஸ கடற்கரையில் ஒரு மாதம் வீடு எடுக்கலாமா?

அந்த மாதங்களில் வேண்டாம், அக்கா. மே தொடங்கி செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. தெற்கிலும் மேற்கிலும் கடல் கொந்தளித்தபடி இருக்கும். பிள்ளைகளைக் கரையில் பிடித்து வைத்துக்கொண்டே ஒரு மாதம் போய்விடும். அதே நேரத்தில் கிழக்கில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். நிலாவெளிக்கோ பாசிக்குடாவுக்கோ போங்கள். பாசிக்குடாவில் வெகுதூரம் நடந்து போனாலும் இடுப்பளவுத் தண்ணீர்தான், சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல கடல் இந்தத் தீவில் இல்லை என்பது என் எண்ணம். திமிங்கிலம் பார்க்கவும் ஆண்டின் நடுப்பகுதியில் திருகோணமலைதான் சரி. மிரிஸ்ஸவில் அதற்கான காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை.

டிசம்பரில் வருகிறவர்களுக்கு இது அப்படியே தலைகீழ். அப்போது வடகீழ்ப் பருவமழை கிழக்கில் கொட்டும், தெற்கே காலி நகரப் பக்கம் வெயில் அடிக்கும். டிக்கெட் போடுவதற்கு முன் எந்த மாதம் எந்தக் கரை என்று பார்த்தாலே பாதி ஏமாற்றம் குறைந்துவிடும்.

சென்னையிலிருந்து ஒரு தம்பி: 25 நாளில் 14 இடம் போட்டிருக்கிறேன். பட்டியல் சரியா, அண்ணா?

பட்டியலில் உள்ள இடங்கள் எல்லாமே நல்ல இடங்கள், தம்பி. ஆனால் 14 அதிகம். வரைபடத்தில் இலங்கை சின்னதாகத் தெரியும். கொழும்பிலிருந்து நுவரெலியா நூற்றைம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான், ஆனாலும் மலைப்பாதையில் ஐந்து மணி நேரம் போய்விடும். காலிக்கு அதிவேக வீதி இருக்கிறது, அதை வைத்து மற்ற வீதிகளைக் கணக்குப் போடாதீர்கள்.

ஒரு குடும்பம் இப்படித்தான் இரண்டு நாளைக்கு ஒரு ஊர் என்று வான் பிடித்துச் சுற்றினார்கள். மூன்றாவது வாரம் அவர்களின் ஆறு வயது மகள் வானில் ஏற மாட்டேன் என்று அழுதாள். மிச்சத்தை விட்டுவிட்டு எங்கள் வீட்டிலேயே எட்டு நாள் இருந்தார்கள். எங்கள் ஒழுங்கை காலி வீதியிலிருந்து நேரே கடலுக்கு இறங்கும். பின்னேரம் ஐந்து மணிக்கு மெரின் டிரைவைக் கடந்து, ரயில் பாதையையும் தாண்டி, கற்களில் போய் உட்காருவார்கள். கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து களுத்துறைப் பக்கம் போகும் ரயில் மிதிபலகை வரை ஆட்களோடு போகும். அந்தப் பிள்ளை ஒவ்வொரு ரயிலுக்கும் கை காட்டுவாள், ரயிலில் தொங்குகிறவர்களும் விடாமல் கை காட்டுவார்கள். ஊருக்குத் திரும்பிய பின் தாய் எனக்கு எழுதியபோது, சீகிரியா பற்றி ஒரு வரி, அந்த ரயில் பற்றி ஒரு பக்கம்.

ஆகவே 14ஐ ஐந்தாக்குங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நாளாவது இருங்கள். மூன்றாம் நாள்தான் தேத்தண்ணிக்கடைக்காரர் உங்கள் முகத்தை அறிவார், நாலாம் நாள் சீனி எவ்வளவு என்று கேட்காமலே போடுவார். அப்புறம் அந்த ஊரை விட்டு வர மனம் வராது.

லண்டனிலிருந்து: வெயிலுக்கு ஆசைப்பட்டுத்தான் வந்தேன். பத்தாம் நாளே உடம்பு ஓய்ந்துவிட்டது. எப்படிச் சமாளிப்பது?

கொழும்பில் வெப்பநிலை முப்பதைச் சுற்றித்தான் நிற்கும். ஆளை அடிப்பது காற்றில் உள்ள ஈரம். வியர்வை காயாது, காயாவிட்டால் உடம்பு குளிராது. லண்டன் நேரத்தில் வாழ முயலாதீர்கள். ஐந்தரைக்கு எழும்புங்கள், ஒன்பதுக்குள் வெளிவேலை முடியட்டும், மத்தியானம் படுங்கள். பொழுது ஏழு மணிக்குள் இருட்டிவிடும், வருடம் முழுக்க அப்படித்தான். உங்கள் ஊர்க் கோடையைப் போல ஒன்பது மணி வரை வெளிச்சம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். பருத்தி உடுப்புப் போதும். தோல் செருப்பு, தோல் பெல்ட் எல்லாம் மூன்று வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கமராவை ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். நாளுக்கு ஒரு செவ்விளநீர் குடியுங்கள்.

பாரிஸிலிருந்து: டெங்குக்குப் பயந்து வருவதா விடுவதா என்று இருக்கிறோம்.

வாருங்கள், ஆனால் கவனமாக இருங்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும், காலையிலும் பின்னேரமும் அதிகம். இரவில் மட்டும் வலை கட்டிப் பயனில்லை. நல்ல தண்ணீர் தேங்கும் பூச்சட்டி, சிரட்டை, இவற்றில்தான் அது பெருகுகிறது. தங்குகிற வீட்டில் முதல் நாளே சுற்றிப் பாருங்கள்.

காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரின், இபுபுரோபன் தொடவே கூடாது, இரத்தக்கசிவை அவை கூட்டும். உடனே மருத்துவரிடம் போய் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். என் மகனுக்கு வந்தபோது நான் கற்ற பாடம் ஒன்று: காய்ச்சல் இறங்கும் நாளில்தான் ஆபத்து. சுகமாகிவிட்டது என்று நினைத்து நாங்கள் வீட்டில் இருந்திருந்தால் என்னவாகியிருக்குமோ. அன்று அவன் ஆஸ்பத்திரியில் இருந்ததால் தப்பினான். வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, சோர்வு கண்டால் ஒரு மணி நேரமும் காத்திருக்காதீர்கள்.

ஒஸ்லோவிலிருந்து: வந்த அன்றே கடைகளில் இறைச்சி இல்லை, மது இல்லை. என்ன நடந்தது?

நீங்கள் வந்தது போயா தினம். ஒவ்வொரு பூரணையும் இங்கே பொது விடுமுறை, அன்று இரண்டும் விற்கமாட்டார்கள். ஏப்ரல் 13, 14 புத்தாண்டுக்கும் கொழும்பு வெறிச்சோடிவிடும், முதலே சாமான் வாங்கி வையுங்கள்.

மெல்பேர்னிலிருந்து: அம்மாவுக்கு எழுபது வயது. சுற்ற ஏலாது. அவவுக்கு ஒரு மாதம் கொழும்பில் அலுக்காதா?

அலுக்காது. காலையில் கோயில், பிறகு வெள்ளவத்தைச் சந்தை, மீன்காரரோடு விலை பேசுவது. பின்னேரம் காலிமுகத்திடலில் காற்று வாங்கி ஓர் இறால் வடை. தமிழில் கதைக்க வழியெல்லாம் ஆட்கள். வெளிநாட்டில் கதவு பூட்டிய வீட்டில் இருந்த அம்மாமார் இங்கே வாசலில் கதிரை போட்டு உட்காருவதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பிள்ளைகள்தான் திரும்பிப் போக அவசரப்படுவார்கள்.

அதே மெல்பேர்ன்: கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கொண்டுபோக விடுவார்களா?

விடமாட்டார்கள், உங்கள் விமான நிலையத்தில் பழங்களை எடுத்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பழம் வரும் நாட்களில் வந்தால் அம்மாவுக்கு இங்கேயே வாங்கிக் கொடுங்கள். வெட்டாமல், காம்புப் பக்கம் கடித்து, முழங்கை வரை சாறு வழிய அவ சாப்பிடட்டும்.