பழைய புடவையில் கத்திரியை எங்கே வைப்பது?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அக்கா, மாமியாரின் டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது இருபதுக்கும் மேலே நூல் புடவை, மூன்று பட்டு, ஒரு மூட்டை சிந்தெடிக் புடவை வந்தது. தூக்கிப் போட மனசில்லை. வீடியோ பார்த்துப் பாட்டிலுக்குச் சட்டை, சுவரில் மாட்டும் பூ எல்லாம் செய்தேன், தூசிதான் பிடிக்கிறது. ஒரு தலையணை உறை தைத்தேன், இரண்டாவது துவைப்பிலேயே தையலோடு பிய்ந்துவிட்டது. மிதி மிஷின் இருக்கிறது, நேராகத் தைப்பேன். வீட்டில் உண்மையாகவே பயன்படுகிற மாதிரி எதைச் செய்யலாம்?"

உங்கள் தலையணை உறையில் இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது. துணி தையலோடு பிய்ந்தது என்கிறீர்களே, அது உங்களுக்குத் தைக்கத் தெரியாததால் இல்லை. நீங்கள் புதுத் துணிக்குத் தைப்பது போலவே நெருக்கமாகத் தையல் விட்டிருப்பீர்கள், அதுவும் ஒற்றைத் துணியில், தலையணைக்குச் சிக்கென்று பிடிக்கிற அளவில். நைந்த துணியில் சின்னச் சின்னத் தையல் போட்டால் ஊசி வரிசையாகத் துளை போட்டுக்கொண்டே போகிறது, தபால் தலைத் தாளில் கிழிப்பதற்கென்று ஓட்டை போட்டிருப்பார்களே, அதே கதை. அடுத்த தடவை தையல் நீளத்தைக் கூட்டுங்கள், அங்குலத்துக்கு எட்டுத் தையல் போதும். உள்ளே இன்னொரு பழைய துணியைச் சேர்த்து இரட்டையாக்குங்கள், தலையணையைவிட ஒரு அங்குலம் தாராளமாக வெட்டுங்கள். ஊசி மழுங்கி இருந்தாலும் நூலை அறுத்துவிடும், அதையும் மாற்றிவிடுங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. என்ன செய்யலாம் என்று யோசித்துவிட்டுத் துணியை எடுக்காதீர்கள். துணியைப் பார்த்துவிட்டு அது என்னவாக முடியும் என்று கேளுங்கள். புடவை ஒரே சீராகத் தேய்வதில்லை. ஒரு நூல் புடவை ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி, அகலம் 45 அங்குலத்துக்குப் பக்கத்தில். இதில் இடுப்பில் செருகுகிற இடம் வேர்வையில் ஊறி ஊறி இற்றுப்போயிருக்கும். உட்காருகிற இடம் சல்லடையாகியிருக்கும். கொசுவத்தின் கீழ்க்கரை தரையில் உரசிப் பிசிறடித்திருக்கும், ஃபால்ஸ் வைத்த புடவையானால் அந்தக் கரை மட்டும் தப்பித்திருக்கும். முந்தானை நன்றாகத்தான் இருக்கும், தோளில் ஊக்கு குத்திய இடத்தைத் தவிர. மொத்தத்தில் பழைய புடவை என்பது ஒரு துணி இல்லை, நல்லதும் சுமாரும் கந்தலுமாக மூன்று துணி.

எனவே முதல் நாள் கத்திரியைத் தொடவே வேண்டாம். எல்லாவற்றையும் துவைத்துக் கஞ்சி போக அலசிக் காய வையுங்கள் (கஞ்சியோடு மடித்து வைத்தால் வெள்ளிப்பூச்சி வரும், அதற்கு அது விருந்து). பிறகு ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், எங்கே நைந்திருக்கிறது என்று துணியே காட்டிக் கொடுத்துவிடும். சந்தேகமான இடத்தில் இரண்டு கட்டை விரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீளவாக்கில் ஒரு இழு, அகலவாக்கில் ஒரு இழு. சர்ரென்று சத்தம் வந்தால் அந்த இடம் தனித் துணியாக இனி எதற்கும் ஆகாது. நல்ல இடம், சுமாரான இடம், கந்தல் என்று சாக்கட்டியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

எது நூல், எது கலப்பு என்று தெரியாவிட்டால் ஓரத்தில் இருந்து இரண்டு இழை உருவி, வாசலில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாக உதிரும். பட்டு தலைமுடி பொசுங்குகிற நாற்றம் அடிக்கும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கடைசியில் கெட்டியான மணியாக நின்றுவிடும். இந்தச் சோதனையை அலட்சியம் செய்ய வேண்டாம், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

சாயம் விடுகிறதா என்றும் பாருங்கள். வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தித் தேய்த்தால் தெரிந்துவிடும். பத்து வருடமாகச் சாயம் விடுகிற புடவையைக் கல் உப்பில் ஊறப் போட்டு நிறுத்திவிடலாம் என்று நம்ப வேண்டாம், அதைத் தனியாகக் கால் துடைக்கிற மிதியடிக்கு ஒதுக்குங்கள், வெளிர் நிறத்தோடு சேர்க்காதீர்கள். எனக்கு ஒரு வெள்ளைப் போர்வை இப்படித்தான் ரோஜா நிறமானது.

சரி, கந்தலில் இருந்து தொடங்குவோம், அதில் மிதியடி செய்யலாம், கை பழகுவதற்கும் அதுதான் நல்லது. கந்தல் பகுதிகளை ஒன்றரை, இரண்டு அங்குலப் பட்டைகளாகக் கிழியுங்கள், ஓரத்தில் கத்திரியால் ஒரு வெட்டு கொடுத்துவிட்டுக் கையால் கிழித்தால் இழை போன போக்கிலேயே நேராகப் போகும். மூன்று பட்டையைச் சேர்த்துச் சடை பின்ன வேண்டியதுதான், தலை பின்னத் தெரிந்த யாருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பட்டைகள் மூன்றும் ஒரே இடத்தில் முடியாதபடி நீளத்தை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முடிச்சுகள் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து கட்டி தட்டும். சடை முடிந்ததும் அதைத் தரையில் வைத்து நத்தைக் கூடு மாதிரி சுற்றிக்கொண்டே பக்கவாட்டில் கெட்டி நூலால் கைத்தையல் போடுங்கள். இங்கேதான் எல்லோரும் தவறுவது: சடையை இழுத்து இழுத்துச் சுற்றினால் மிதியடி நடுவில் குழிந்து கிண்ணமாகிவிடும். வளைவில் சடையைத் தளர்வாக விட வேண்டும், மடியில் வைத்துத் தைக்கவே கூடாது, தட்டையான தரையோ மேசையோ வேண்டும். ஒரு முழுப் புடவையைக் கிழித்தால் துணியின் கனத்தைப் பொறுத்து இரண்டு முதல் இரண்டரை அடி வட்டம் வரும்.

குளியலறை வாசலுக்கு நூல் புடவையில் செய்த மிதியடி மட்டும்தான். சிந்தெடிக் தண்ணீரைக் குடிக்காது, ஈரக்காலோடு வருகிறவரை வழுக்கி விட்டுவிடும். எந்த மிதியடியாக இருந்தாலும் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அடியில் பழைய ரப்பர் விரிப்பில் இருந்து ஒரு துண்டு வெட்டி வைத்துத் தையுங்கள், வெறும் டைல்ஸ் மேல் துணி மிதியடி போடுவது நல்லதில்லை.

சுமாரான பகுதிக்கு வருவோம். எனக்குப் பிடித்த வேலை இதுதான், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். தனியாக நிற்காத துணியை அடுக்கினால் நிற்கும். வங்காளத்தில் காந்தா என்று தைக்கிறார்களே, அது இந்தக் கணக்குதான்: பழைய புடவை, வேட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, முழுக்க ஓட்டுத்தையல் போட்டுப் பிடிப்பது. பழைய புடவைக் கரையில் இருந்து வண்ண நூலை உருவி அதையே தையல் நூலாகவும் வைத்துக்கொண்டார்கள். இப்போது கடையில் காந்தா என்றால் பூவும் பறவையும் போட்ட அலங்காரத் தையல் என்று ஆகிவிட்டது, ஆனால் அடிப்படையில் அது கந்தலைக் காப்பாற்றுகிற வழி. ஒரு அடுக்கு கிழிந்தாலும் சுற்றிலும் இருக்கிற தையல் அந்தக் கிழிசலை ஓட விடாது, அடுத்த அடுக்கும் தாங்கிக்கொள்ளும்.

18 அடிப் புடவையை மூன்றாக மடித்தால் ஆறடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், மூன்று அடுக்கு. வெட்டவே வேண்டாம், ஒரு ஆள் போர்த்துகிற போர்வை தயார். மடிக்கும்போது நைந்த இடம் நடு அடுக்கில் விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், முந்தானை மேலே வந்துவிட்டால் அழகுக்கு அழகு. இருவர் போர்த்துவதற்கு ஒரு புடவையில் ஏழரை அடியாக இரண்டு துண்டு வெட்டிக் கரையோடு கரை சேர்த்துத் தைத்தால் ஒரு அடுக்கு. அப்படி மூன்று புடவை வேண்டும், மூன்றிலும் மிச்சம் விழுகிற மூன்றடி மிதியடிக்குப் போகட்டும்.

தரையில் விரித்து, நாலு மூலையிலும் கனமாக எதையாவது வையுங்கள், எங்கள் வீட்டில் அம்மிக் குழவியும் பருப்பு டப்பாவும். நடுவில் இருந்து வெளிப்பக்கமாக ஒரு சாண் இடைவெளியில் பெரிய பெரிய தையலாகத் தற்காலிகமாக ஓட்டிவிடுங்கள். இந்த வேலைக்குச் சோம்பல்பட்டால் கடைசியில் ஒரு பக்கம் மூன்று அங்குலம் மிச்சமாகத் தொங்கும், அதை எந்தத் தையலாலும் மறைக்க முடியாது. பிறகு கையால் ஓட்டுத்தையல், துணி நன்றாக இருந்தால் வரிக்கு வரி இரண்டு அங்குலம் விடலாம், நைந்திருந்தால் ஒரு விரல் அகலம். மிஷினில் போடுவதென்றால் துணியை அழுத்திப் பிடிக்கிற மிஷின் பாதத்தின் அழுத்தத்தைக் குறைத்து, 16 நம்பர் ஊசி போட்டு, நடுவில் இருந்து ஆரம்பியுங்கள். மிஷின் போர்வை இரண்டு நாளில் முடியும், கையால் என்றால் எனக்கு ஒரு மாதத்துச் சாயங்காலங்கள் ஆகின்றன. துவைத்த பிறகு கைத்தையல் போர்வை சுருங்கிச் சுருங்கி ஒரு மென்மை வரும், மிஷினில் அது வராது என்பது என் பிடிவாதம்.

நடுவில் மட்டும் சிந்தெடிக் வைக்காதீர்கள். மிச்சம் தீரட்டும் என்று நான் ஒரு தடவை வைத்தேன். நூல் துணி துவைக்கத் துவைக்கச் சுருங்குகிறது, நடுவில் இருப்பது சுருங்கவே மாட்டேன் என்கிறது, போர்வை முழுக்கக் கொப்புளம்.

சின்னச் சின்னத் துண்டுகள்தான் இருக்கின்றன என்றால் கர்நாடகத்தில் சித்தி என்கிற இனத்து மக்கள் தைக்கிற கவந்தி என்ற ஒட்டுத்துணிப் போர்வையைப் பாருங்கள். உத்தர கன்னட மாவட்டத்தில் ஹளியாள், எல்லாப்பூர் பக்கம் வாழ்கிற, ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் அவர்கள். அடியில் ஒரு முழுப் புடவையை விரித்து, மூலையில் இருந்து துண்டுகளை ஓரம் மடித்து வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். அளவு அட்டை கிடையாது, ஒரே மாதிரி சதுரமாக வெட்டுவதும் கிடையாது, கையில் வந்த துண்டுக்குத் தகுந்தபடி போய்க்கொண்டே இருப்பது. வெட்டுத் துணி மூட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று விழிப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அப்புறம் நல்ல பகுதி. இதில் பை தையுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் பைக்குத் தடை, 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" என்று அரசு இயக்கமே நடத்தியது, ஆனாலும் காய்கறிக் கடைக்குப் போகும்போது கையில் பை இருப்பதில்லை, காரணம் கனம் தாங்குகிற பை வீட்டில் இல்லை. பைக்கு உயிர் கைப்பிடிதான். கரையை நாலாக மடித்துத் தைத்து, பையின் வாயில் மட்டும் ஒட்ட வைக்காமல், ஒரு பக்கம் மேலிருந்து இறங்கி அடியைச் சுற்றி மறுபக்கம் ஏறுகிற மாதிரி முழு வளையமாகத் தையுங்கள். எடையைப் பட்டை தாங்கும், துணி சும்மா காயைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஐந்து கிலோ வெங்காயம் போட்டுத் தூக்கிப் பாருங்கள். சிந்தெடிக் மூட்டைக்கும் இதுதான் சரியான வேலை, இரட்டையாகப் போட்டால் பை நன்றாக வரும், சீக்கிரம் காயும்.

அடுப்படியில் பாத்திரம் பிடிக்கிற துணிக்கு மட்டும் சிந்தெடிக் வேண்டவே வேண்டாம், கலப்புத் துணிகூட வேண்டாம். சூட்டில் உருகிக் கையோடு ஒட்டும். கொளுத்திப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். சுத்தமான நூல் துணி, நடுவில் பழைய டவல், குறைந்தது எட்டு மடிப்பு. ஈரமாக இருக்கும்போது அதால் சூடான பாத்திரத்தைத் தொடாதீர்கள், ஈரம் சூட்டை நேரே கைக்குக் கடத்தும்.

வீட்டில் குழந்தை வரப்போகிறது என்றால் பல தடவை துவைத்த நூல் புடவையைவிட மெத்தென்ற துணி கிடையாது. விரிப்பு, துடைக்கிற துணி, இடுப்புத் துணி எல்லாம் தாராளமாகச் செய்யலாம், ஜரிகையையும் முரட்டுக் கரையையும் வெட்டிவிட்டு. ஆனால் தூளி மட்டும் கட்டாதீர்கள். மாமியார் புடவையில் தூளி என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வெளிச்சத்தில் தெரியாத இற்றுப்போன இடம் குழந்தையின் கனத்தில்தான் தெரியும். தூளிக்குத் திடமான புடவையாகத் தனியாக எடுத்துவிடுங்கள்.

மூன்று பட்டு பற்றி. வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்த பட்டு அந்த மடிப்பில்தான் விடும், அதனால் பெரிய துண்டாக எதையும் கற்பனை செய்யாதீர்கள். பிரித்துப் பார்த்து, மடிப்புக் கோடுகளுக்கு இடையில் கிடைக்கிற துண்டுகளை எடுத்து, பின்னால் தையல்காரர்கள் ஒட்டுகிற கேன்வாஸ் வைத்துவிட்டுத் தலையணை உறையோ சின்னக் கைப்பையோ செய்யலாம். நன்றாக இருக்கிற கரை புது ரவிக்கைக்குக் கைக்கரையாகப் போகும். புடவையின் உடல் பகுதி உறுதியாக இருந்தால் பேத்திக்குப் பாவாடை. வாசலில் பழைய பட்டுப் புடவை கேட்டு வருகிறவர்களிடம் கொடுப்பதற்கு முன் ஒரு ஜரிகை இழையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் அசல் வெள்ளி ஜரிகையாக இருக்க வாய்ப்பு உண்டு. அதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது, தெரிந்த நகைக்கடையில் கரையைக் காட்டிவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.

முதல் வாரம் ஒரு மிதியடி, ஒரு பை, இவ்வளவு போதும். இருபது புடவையையும் ஒரே நாளில் கிழித்துப் போட்டுவிட்டால் டிரங்குப் பெட்டியில் இருந்ததெல்லாம் கட்டிலுக்கு அடியில் மூட்டையாகக் கிடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். மாமியார் அடிக்கடி கட்டின புடவை எது என்று உங்கள் கணவரிடம் கேட்டுவிட்டு அதை மட்டும் கிழிக்காமல் தனியாக வையுங்கள், கை பழகிய பிறகு அதில் போர்வை தைக்கலாம்.