பாதியில் திரும்பும் விண்டோஸ் 11: கேள்வி பதில்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குப் பிறகு எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே ரகம்: "11-க்கு அப்கிரேட் போட்டேன், பாதியில் திரும்பிவிட்டது." பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பிழை எண்களுக்கு முன்னால் வரும் பூஜ்யத்தையும் எக்ஸையும் விட்டுவிட்டேன், படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று.

கேள்வி: சார், மூன்று ஞாயிற்றுக்கிழமை இதிலேயே போய்விட்டது. ஒவ்வொரு முறையும் முக்கால்வாசி ஓடி, ரீஸ்டார்ட் ஆகி, பழைய விண்டோஸ் 10-லேயே வந்து நிற்கிறது. 'சி1900101 - 40017' என்று காட்டுகிறது. இன்னொரு முறை முயலலாமா?

எதையும் மாற்றாமல் போட்டால் நான்காவது ஞாயிறும் போகும். இந்த எண்ணைத் தேடுகிறவர்கள் முதல் பாதியை மட்டும் தேடுகிறார்கள். சி1900101 என்பது 'ஏதோ ஒரு டிரைவர் (பிரின்டர், ஆண்டிவைரஸ் போன்றவற்றுக்காக விண்டோஸுக்குள் ஆழத்தில் ஓடும் சிறு மென்பொருள்) தகராறு செய்கிறது' என்பதற்கு மேல் எதுவும் சொல்லாது. விஷயமெல்லாம் கோட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கும் எண்ணில், அதுவும் அதன் முதல் இலக்கத்தில் இருக்கிறது. 1 என்றால் ரீஸ்டார்ட்டுக்கு முன்பே, நீங்கள் டெஸ்க்டாப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிக்கல் வந்துவிட்டது. 2 என்றால் முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு, ஒரு குட்டி விண்டோஸுக்குள் இருந்துகொண்டு வேலை நடக்கும் கட்டம். 3 என்றால் புதிய விண்டோஸ் முதல் தடவை கண்விழிக்கும் நேரம். 4 என்றால் இரண்டாவது தடவை.

உங்களுக்கு 4. அதாவது வீட்டுக்குள் வந்தாயிற்று, கடைசி வாசற்படியில்தான் தடுக்கியிருக்கிறது. இந்த இடத்தில் வழக்கமாக மாட்டுவது ஆண்டிவைரஸின் டிரைவர், அல்லது டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் மென்பொருளின் டிரைவர். ஆண்டிவைரஸை 'ஆஃப்' செய்தால் போதாது. அன்இன்ஸ்டால் செய்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, அப்புறம் அப்கிரேட் போடுங்கள். அந்த இடைவெளியில் விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் தானாகவே காவலுக்கு வந்துவிடும், பயப்பட வேண்டாம்.

இதுவே 20017 என்று வந்திருந்தால் வேறு வைத்தியம் சொல்லியிருப்பேன்: பிரின்டர், வெப்கேம், யூஎஸ்பி ஹப் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, கீபோர்டு, மவுஸ், மானிட்டர் மூன்றை மட்டும் வைத்து முயல்வது. எண்ணே காட்டாமல் திரும்புகிறவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் 'செட்அப்டயாக்' என்ற இலவசக் கருவி இருக்கிறது. அப்கிரேட்டின் பதிவுக் கோப்புகளைத் தானே படித்து, எங்கே விழுந்தது என்று சொல்லும். அந்தக் கோப்புகளை நான் வரிவரியாகக் கண்ணால் படித்த காலமும் உண்டு. யாருக்கும் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அதே வாசகர், மறுநாள்: ஆண்டிவைரஸை எடுத்ததும் ஏறிவிட்டது சார். இன்னும் ஏழு மாதச் சந்தா பாக்கி இருக்கிறதே?

விண்டோஸ் 11-க்கு அந்த நிறுவனம் தரும் புதிய பதிப்பை இறக்கிப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய இன்ஸ்டாலரைப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: 80070070 என்று வருகிறது. டி டிரைவில் 200 ஜிபி காலியாக இருக்கிறதே!

இந்த எண் இடப் பற்றாக்குறையைச் சொல்கிறது. ஆனால் டி-யில் எவ்வளவு இருந்தாலும் கணக்கில் வராது, சி டிரைவில் வேண்டும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரை டி-க்கு நகர்த்துங்கள், செட்டிங்ஸில் ஸ்டோரேஜுக்குப் போய்த் தற்காலிகக் கோப்புகளை அழியுங்கள். ஹைபர்னேஷனை நிறுத்தினாலே சில ஜிபி கிடைக்கும். 25, 30 ஜிபி காலியான பிறகு தொடங்குங்கள்.

கேள்வி: அண்ணா, 2019-இல் கடையில் அசெம்பிள் செய்து வாங்கியது, எட்டாம் தலைமுறை ஐ5. தகுதி இருக்கிறது என்கிறார்கள். ஆனால் 'செக்யூர் பூட் இல்லை' என்று மறுக்கிறது. ஒரு வீடியோவைப் பார்த்து பயாஸில் லெகசியை யூஇஎஃப்ஐ என்று மாற்றினேன். இப்போது விண்டோஸே வரவில்லை. எல்லாம் போச்சா?

எதுவும் போகவில்லை தம்பி. பயாஸுக்குள் (விண்டோஸ் எழுவதற்கு முன் வரும் போர்டின் செட்டிங்ஸ் திரை) போய், மாற்றியதைப் பழையபடி லெகசி என்ற பழைய முறைக்கே வையுங்கள், விண்டோஸ் எழுந்துவிடும். இதே தவறை நானும் செய்து, ஒரு ராத்திரி முழுக்க ஹார்டு டிஸ்க் செத்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். உங்கள் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. செக்யூர் பூட்டுக்கு (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் காவல்) வேண்டிய யூஇஎஃப்ஐ என்ற புதிய முறை வழியாக விண்டோஸ் எழ வேண்டுமானால் டிஸ்க் ஜிபிடி முறைக்கு மாற வேண்டும். முதலில் டிஸ்க்கை மாற்ற வேண்டும், பயாஸை அப்புறம்தான் தொட வேண்டும். பெரும்பாலான வீடியோக்கள் இந்த வரிசையைச் சொல்வதில்லை.

மாற்றுவதற்கு வெளிக்கருவி எதுவும் தேவையில்லை. 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கட்டளை விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்தே உள்ளே இருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து, முதலில் 'வேலிடேட்' கொடுத்துச் சோதியுங்கள். சரி என்று வந்தால் மட்டும் 'கன்வர்ட்'. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது செய்வதால் இரண்டிலும் 'அலவ்ஃபுல்ஓஎஸ்' என்பதையும் சேர்க்க வேண்டும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் வேலிடேட்டே தோற்க வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். காரணம், கடைக்காரர்களின் பழக்கம். ஒரே டிஸ்க்கை சி, டி, ஈ, எஃப் என்று கூறுபோட்டுத் தருவார்கள். எம்பிஆர் முறையில் அப்படிப் போடும்போது பெரும்பாலும் டி-யிலிருந்து எல்லாமே 'எக்ஸ்டெண்டட்' என்ற ஒரு பெரிய பெட்டிக்குள் 'லாஜிக்கல்' பார்ட்டிஷன்களாக உட்கார்ந்திருக்கும். இந்தக் கருவிக்கோ லாஜிக்கல் ஒன்றுகூட இருக்கக் கூடாது, பெட்டிக்கு வெளியே தனியாக நிற்கும் 'பிரைமரி'யும் மூன்றுக்கு மேல் கூடாது. டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து பாருங்கள், டி, ஈ-யைச் சுற்றிப் பச்சைக் கட்டம் தெரிந்தால் இதேதான். அவற்றில் இருப்பதையெல்லாம் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, நாலு படத்தைத் திறந்து பார்த்து, அப்புறம் அந்த லாஜிக்கல்களையும் பெட்டியையும் அழித்துவிட்டு, மறுபடி வேலிடேட் கொடுங்கள். மாற்றி முடித்து, பயாஸில் யூஇஎஃப்ஐ-யையும் செக்யூர் பூட்டையும் போட்ட பிறகு, டி டிரைவைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளலாம். அங்கேயே இன்டெல் பிடிடி என்று ஒன்று இருக்கும், அதையும் எனேபிள் செய்யுங்கள், விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வந்துவிடும். ஏஎம்டி போர்டு வைத்திருப்பவர்கள் எஃப்டிபிஎம் என்று தேட வேண்டும்.

கேள்வி: பயாஸில் டிபிஎம், செக்யூர் பூட் செட்டிங்குகளை மாற்றினேன். இப்போது நீலத் திரையில் பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்கிறது. நான் எந்தப் பூட்டும் போடவில்லையே அக்கா?

பிட்லாக்கர் என்பது டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் சொந்த வசதி. நீங்கள் போட்டிருக்க மாட்டீர்கள். பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முதல்முறை உள்ளே நுழையும்போது அதுவே போட்டுக்கொள்கிறது. (நான் அக்கா இல்லை, அண்ணன். பரவாயில்லை.) சாவி 48 இலக்க எண். வேறொரு போனில் அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் இந்த லேப்டாப்பின் பெயரைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று மின்னஞ்சல் வைத்திருந்தால் எல்லாவற்றிலும் தேடுங்கள். லேப்டாப் வாங்கிய அன்று கடைப்பையன் தன் மின்னஞ்சலைப் போட்டுத் திறந்து கொடுத்ததும் உண்டு. சாவி எங்குமே இல்லையென்றால் உள்ளே இருப்பதை எடுக்க வழியில்லை. 'எடுத்துத் தருகிறேன்' என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

இனி செய்யப்போகிறவர்கள் பயாஸைத் தொடுவதற்கு முன் பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்துவிடுங்கள்.

கேள்வி: 'மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்' என்று இரண்டு மணி நேரமாகச் சுற்றுகிறது. பவரை நிறுத்தலாமா?

வேண்டாம். எஸ்எஸ்டி இல்லாத பழைய ஹார்டு டிஸ்க் என்றால் இரண்டு மணி நேரம் சாதாரணம். டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். மினுக்கும்வரை வேலை நடக்கிறது. கரண்ட் போகும் ஊர் என்றால் யூபிஎஸ் இல்லாமல் அப்கிரேடைத் தொடங்கவே வேண்டாம்.

கேள்வி: ஆறாம் தலைமுறை ஐ3. தகுதியில்லை என்கிறது. ரெஜிஸ்ட்ரியில் மாற்றி ஏமாற்றி ஏற்றலாம் என்கிறார்களே?

ஏற்றலாம், ஏறும். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரவில்லை. பாதுகாப்புக்காக மாறிவிட்டு அதையே பணயம் வைப்பானேன்? நான் என்றால் விண்டோஸ் 10-லேயே இருந்து, நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டில் பதிவு செய்வேன். 2026 அக்டோபர் 13 வரை வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு செட்டிங்குகளை இணைத்தால் காசு வேண்டாம். கோர் 2 டுவோ வைத்திருப்பவர்கள் ஏமாற்றவும் முடியாது. 24எச்2 பதிப்பிலிருந்து அந்தப் பிராசஸரில் விண்டோஸ் 11 பூட்டே ஆகாது.

கேள்வி: அப்கிரேட் முடிந்தது. ஆனால் கறுப்புத் திரையில் மவுஸ் அம்பு மட்டும் தெரிகிறது.

விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். வரவில்லையென்றால் சேஃப் மோடில் போய் அந்த டிரைவரை நீக்குங்கள்.

கேள்வி: அப்கிரேட் ஒத்துவராமல், பென் டிரைவிலிருந்து சி-யை ஃபார்மேட் செய்யாமல் புதிதாகவே விண்டோஸ் 11 போட்டுவிட்டேன். எட்டு நாள் ஆகிறது. பழைய வேர்ட் கோப்புகளில் தமிழ் எழுத்தே மாறிவிட்டது. சில கோப்புகளில் வெறும் ஆங்கிலக் குப்பை. பள்ளி வினாத்தாள்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

இரண்டும் வேறு வேறு நோய், டீச்சர். எழுத்து வடிவம் மட்டும் மாறியவை லதா அல்லது விஜயா எழுத்துருவில் அடித்தவையாக இருக்கும். விண்டோஸ் 10-லிருந்தே அவை எல்லாக் கணினியிலும் தானாக வருவதில்லை. செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' போய், தமிழ் துணை எழுத்துருக்களைச் சேருங்கள், பழையபடி தெரியும்.

குப்பையாகத் தெரிபவை பாமினி மாதிரி, யூனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்லாத எழுத்துருவில் அடித்தவை. கோப்பு கெடவில்லை, எழுத்துருதான் இல்லை. ஃபார்மேட் செய்யாததால் சி டிரைவில் 'விண்டோஸ் டாட் ஓல்டு' என்ற ஃபோல்டர் இருக்க வேண்டும். அதற்குள் விண்டோஸ், அதற்குள் ஃபான்ட்ஸ். பாமினியை அங்கிருந்து நகலெடுத்து இன்ஸ்டால் செய்யுங்கள். பத்து நாளில் விண்டோஸ் அந்த ஃபோல்டரைத் தானாகவே அழித்துவிடும், உங்களுக்கு எட்டு நாள் ஆகிவிட்டது. இன்று சாயங்காலமே எடுத்துவிடுங்கள்.