ஸ்கீன்ஸ் போன பிறகு எல்.எஸ்.யு. எப்படி எழுந்தது?

கேள்வி: என் தங்கை மகன் அமெரிக்காவில் லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டியில் (எல்.எஸ்.யு.) படிக்கிறான். 2023-ல் பேஸ்பால் சாம்பியனான அவன் காலேஜ் டீம் அடுத்த வருஷமே சறுக்கியது, 2025-ல் மறுபடி கப் அடித்தது என்கிறான். நட்சத்திர வீரர்கள் போன டீம் இவ்வளவு சீக்கிரம் எழுந்தது எப்படி?
- வாசகர், திருச்சி

பதில்: போனவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. 2023 சீசனில் 209 பேரை ஸ்ட்ரைக்-அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) செய்த பிட்சர், அதாவது பந்து வீசுபவர், பால் ஸ்கீன்ஸ், கூடவே பேட்டர் டிலன் க்ரூஸ். தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் டிராஃப்டில் அந்த வருஷம் முதல் பெயர் ஸ்கீன்ஸ், இரண்டாவது க்ரூஸ். ஒரே கல்லூரிக்காரர்கள் முதல் இரண்டு இடத்தையும் பிடித்தது அதுதான் முதல் தடவை. இதில் கோச்சைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, மூன்றாம் வருஷம் முடிந்தாலோ 21 வயதானாலோ பையனை டிராஃப்டில் எடுக்கலாம் என்பது விதி, அதனால் கெட்டிக்காரன் பெரும்பாலும் டிகிரி முடிக்கும் முன்பே கிளம்பிவிடுவான்.

2024 படுமோசமாகத் தொடங்கியது. அமெரிக்காவின் தென்கிழக்குப் பல்கலைக்கழகங்கள் மோதும் எஸ்.இ.சி. லீக்கில் முதல் 15 ஆட்டத்தில் 12 தோல்வி! அப்புறம் ஒருவழியாகச் சுதாரித்து லீக் டோர்னமென்ட் ஃபைனல் வரை போனார்கள், டென்னஸியிடம் தோற்றார்கள். தேசியப் போட்டியின் முதல் கட்டத்தில் வட கரோலினாவிடம், வழக்கமான ஒன்பது இன்னிங்ஸ் சமனாகி, பத்தாவது இன்னிங்ஸில் 4-3 என்று தோற்றதோடு சீசன் முடிந்தது.

ஆனால் அந்த வருஷத்தை வீண் என்று நான் சொல்லமாட்டேன். கேட் ஆண்டர்சன் என்ற இடதுகை பிட்சர் முதல் வருஷ மாணவனாக அடி வாங்கிப் பழகியது அப்போதுதான். மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயித்தால் கப் என்ற 2025 ஃபைனலின் முதல் ஆட்டத்தில், கோஸ்டல் கரோலினாவுக்கு எதிராக, மாற்றே இல்லாமல் ஒன்பது இன்னிங்ஸும் அவரே வீசினார். 130 பந்து, வெறும் மூன்று ஹிட், 10 ஸ்ட்ரைக்-அவுட். எல்.எஸ்.யு. எடுத்ததே ஒரு ரன்தான், அதுவும் முதல் இன்னிங்ஸில். மீதி நேரமெல்லாம் அந்த ஒரு ரன்னை இந்தப் பையன் காவல் காத்தார். மறுநாள் 5-3, கப் கைக்கு வந்தது.

கேள்வி: மற்ற காலேஜ் வீரர்களைக் காசு காட்டி இழுத்தால் யார்தான் ஜெயிக்கமாட்டார்கள்?
- வாசகி, சேலம்

பதில்: பாதி சரி. 2021-லிருந்து மாணவர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம், காலேஜ் மாறினால் ஒரு வருஷம் வெளியே உட்கார வேண்டியதும் இல்லை. ஸ்கீன்ஸே ஏர் ஃபோர்ஸ் அகாடமியிலிருந்து மாறி வந்தவர்தான். ஆனால் சறுக்கிய 2024-லும் அலபாமாவிலிருந்து லூக் ஹோல்மன் என்ற நல்ல பிட்சர் வந்திருந்தாரே, அவர் வந்தும் அந்தக் கதிதானே? 2025-ல் வெளியிலிருந்து வந்தவர்கள் ஏற்கெனவே இருந்தவர்களோடு சேர்ந்துகொண்டார்கள், என் கணக்கில் வித்தியாசம் அங்கேதான். அர்கன்ஸாவுக்கு எதிரான அரையிறுதியில் கடைசி இன்னிங்ஸில் இரண்டு ரன் பின்தங்கியிருந்தபோது சமன் செய்த அடி இந்தியானா ஸ்டேட்டிலிருந்து வந்த லூயிஸ் ஹெர்னாண்டஸுடையது, அடுத்து 6-5 என்று முடித்துவைத்தவர் 2023-லிருந்தே எல்.எஸ்.யு.விலேயே இருந்த ஜேரட் ஜோன்ஸ்.

கேள்வி: ஆண்டர்சனாவது தங்குவாரா?
- வாசகர், கோவை

பதில்: எங்கே! கப் அடித்த அடுத்த மாதமே டிராஃப்டில் மூன்றாவது ஆளாக சியாட்டில் தொழில்முறை அணி எடுத்துவிட்டது. கோச் ஜே ஜான்சன் திரும்பவும் ஆள் தேட வேண்டியதுதான்.