ஓவிய வாத்தியார் பதில்கள்

கேள்வி: பாம்பன் கடற்கரையில் வலை பொத்தும் என் தாத்தாவை எண்ணெய் வண்ணத்தில் வரைகிறேன். போட்டோவைப் பார்த்து அப்படியே போட்டும் பொம்மை மாதிரி இருக்கிறார். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1667-இல் வரைந்த பெரியவர் படத்தைப் போனில் பெரிதாக்கினால் வெறும் வண்ணக் கட்டி. தள்ளிப் பார்த்தால் ஆள் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார். எப்படி? (பாம்பன் வாசகர்)

பதில்: அந்தக் கட்டியில்தான் விஷயமே இருக்கிறது, தம்பி. நீங்கள் சுருக்கத்தை எண்ணி எண்ணிக் கோடு போட்டிருப்பீர்கள். கடைசிக் காலத்து ரெம்பிராண்ட் அப்படிச் செய்பவர் அல்ல. வெளிச்சம் விழும் நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன மேட்டில் வெள்ளை கலந்த வண்ணத்தைக் கெட்டியாக அப்புவார். நிழல் பக்கம் மெல்லிசாக, அடியில் பூசிய பழுப்பு தெரிகிற அளவுக்குத்தான். மேடாக நிற்கும் வண்ணத்தில் அறை வெளிச்சம் பட்டு, தோல் மாதிரியே மினுங்கும். அவர் எடுத்தது ஈய வெள்ளை. அது விஷம், நமக்கு டைட்டானியம் வெள்ளை போதும்.

முதலில் போட்டோவை மூடி வையுங்கள். உச்சி வெயிலில் எடுத்திருப்பீர்கள். மேலே சூரியன், கீழே மணலும் கடலும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், முகத்தில் நிழலே நிற்காது. தாத்தாவை வீட்டுக்குள் உட்காரவைத்து ஒரு ஜன்னலை மட்டும் திறங்கள். நரைத்த தாடிக்கு ஒவ்வொரு மயிராக வெள்ளைக் கோடு வேண்டாம். ஈர வண்ணத்தைத் தூரிகையின் பின்காம்பால் கீறிவிடுங்கள். ரெம்பிராண்ட் வாலிபத்திலேயே தன் தலைமுடியை அப்படித்தான் வரைந்தார். கட்டி வண்ணம் உள்ளே காய மாதக்கணக்கில் ஆகும். நம் ஊர்க் காற்றில் வெளியே வைத்தால் மணல் ஒட்டிவிடும், ஜாக்கிரதை!

அப்புறம், தாத்தாவை நிமிர்ந்து உட்காரச் சொல்லாதீர்கள். அந்தப் பெரியவர் நாற்காலியில் தளர்ந்து சாய்ந்துதானே இருக்கிறார்?

கேள்வி: அந்தப் பெரியவர் யார்? (தங்கச்சிமடம் வாசகி)

பதில்: பெயர் தெரியாது. படம் ஹேக் நகரத்து மவுரிட்ஸ்ஹாய்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரைந்த இரண்டே வருடத்தில், 1669-இல், ரெம்பிராண்ட் இறந்தார்.

கேள்வி: ராமநாதபுரம் ராமலிங்க விலாச அரண்மனைச் சுவரோவியங்களில் முகத்தில் நிழலே இல்லையே, நம் ஆட்களுக்குத் தெரியாதா? (தேவிபட்டினம் வாசகர்)

பதில்: தெரியாமல் இல்லை, தேவைப்படவில்லை. ரெம்பிராண்டுக்கு ஒரு ஜன்னல் வெளிச்சம் போதும். சேதுபதி அரண்மனை ஓவியருக்கோ கோடுதான் எல்லாம். ராஜா யாரென்று உருவத்தின் அளவும் அலங்காரமும் சொல்லிவிடும். அவை பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்தவை. டச்சுக்காரர்கள் 1658-லேயே தூத்துக்குடியைப் பிடித்து முத்துக்குளிப்பில் கைவைத்துவிட்டார்கள். அந்தச் சுவரில் சேதுபதியைப் பார்க்க வந்த ஐரோப்பியர்களும் இருக்கிறார்கள், தேடிப் பாருங்கள். அவர்கள் முகத்திலும் நம் ஓவியர் நிழல் போடவில்லை. எனக்கு அதில் ஒரு தனி சந்தோஷம்.