டான், சான், சென்: மூன்றும் ஒரே குடும்பப் பெயரா?

ஆமாம், பெரும்பாலும் ஒன்றுதான். சீன எழுத்தும் ஒன்றே, சீன மொழியின் வட்டார வழக்குகளில் உச்சரிப்புதான் வேறு. மாண்டரினில் சென், கான்டனீசில் சான், ஹொக்கியனில் டான். சிங்கப்பூர்ச் சீனர்களில் ஹொக்கியன் மக்களும், டான் என்றே சொல்லும் தியோச்சியூ மக்களும் அதிகம் என்பதால் அங்கே எங்கு திரும்பினாலும் டான். 1844இல் மருத்துவமனை கட்டப் பணம் கொடுத்த டான் டோக் செங் இந்தக் குலம்தான்.

இது முதலில் ஒரு நாட்டின் பெயர். கி.மு. 11ஆம் நூற்றாண்டில் சௌ வம்ச மன்னர் வூ, புராண கால மன்னர் ஷுன்னின் வழிவந்தவர் என்று சொல்லப்பட்ட ஒருவருக்குச் சென் என்ற சிற்றரசைக் கொடுத்தார். இன்றைய ஹெனான் மாகாணத்தின் ஹுவாய்யாங் பகுதி அது. ஷுன் கதையை எவ்வளவு நம்புவது என்பது உங்கள் விருப்பம். சிற்றரசு இருந்தது உண்மை. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சூ நாடு அதை விழுங்கிவிட்டது. நாடு போனது, மக்கள் அதன் பெயரைக் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

அதற்கும் முன்பே, கி.மு. 672இல், சென் வான் என்ற இளவரசர் உயிருக்குப் பயந்து சீ நாட்டுக்கு ஓடினார். தஞ்சம் கொடுத்த அந்த நாட்டையே அவர் வம்சம் தியென் என்ற பெயரில் கி.மு. 386இல் கைப்பற்றியது! அப்புறம் வியட்நாமை 1225 முதல் 1400 வரை ஆண்ட டிரான் வம்சமும் இதே எழுத்துதான். அவர்களின் மூதாதையர் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்திலிருந்து வந்தவர்கள்.

ஆனால் பெயரை வைத்து ரத்த உறவைச் சொல்லிவிட முடியாது. ஜாக்கி சானின் பூர்விகக் குடும்பப் பெயர் ஃபாங். அவர் அப்பாதான் சான் என்று மாற்றிக்கொண்டார்.