குரங்குக்கு முடி கொட்டுகிறதா? முதலில் அதன் கைகளைக் கவனியுங்கள்

கேள்வி: விலங்கு மீட்பு மையம் ஒன்றில் பராமரிப்பாளராக இருக்கிறேன். சிமெண்ட் தரை போட்ட கூண்டில் ஆறு நாட்டுக் குரங்குகள். இரண்டு மாதமாக மூன்று குரங்குகளுக்கு முதுகிலும் கையிலும் முடி இல்லை. வைட்டமின் மருந்து கொடுக்கலாமா?

பதில்: மருந்து பாட்டிலைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். வைட்டமின் ஏ அளவுக்கு மீறினால் அதுவே முடியைக் கொட்ட வைக்கும்.

முதலில் தோலைப் பாருங்கள். சிவந்து, செதில் உதிர்ந்து, குரங்கு சொறிந்துகொண்டே இருந்தால் கால்நடை மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். சொறிப் பூச்சியா, படர்தாமரையா என்று தெரிந்துவிடும். படர்தாமரை உங்களுக்கும் ஒட்டும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். சினையாக இருக்கும் பெண்ணுக்கும் குட்டி போட்டதற்கும் முடி மெலிவதுண்டு. அது தானாக வளர்ந்துவிடும். எல்லா வழுக்கையும் நோய் அல்ல. அசாம் பக்கத்துக் குட்டைவால் குரங்குக்குப் பருவம் வந்த பின் நெற்றியில் முடி குறைவது இயற்கை.

தோல் சுத்தமாக இருந்து, முடி மட்டும் கட்டையாக ஒடிந்திருந்தால் யாரோ பிடுங்குகிறார்கள் என்று பொருள். உங்கள் குரங்குகளுக்கும் இதுதான் என்பது என் பலத்த சந்தேகம். முன்கை, தொடை, வயிறு என்றால் பெரும்பாலும் தானே பிடுங்கியிருக்கும். முதுகு என்றால் பேன் பார்க்கும் சாக்கில் இன்னொன்று. ஒரு வாரம், காலையும் மாலையும் அரை மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். யார் யாருக்குப் பேன் பார்க்கிறது, பிடுங்கிய முடியைத் தின்கிறதா, தீனித் தட்டருகே எது விரட்டப்படுகிறது என்று எழுதி வையுங்கள். மலத்தில் முடி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

காட்டில் குரங்கு பகலில் நெடுநேரம் இரை தேடும். உங்கள் கூண்டிலோ தட்டில் வைத்த உணவு பத்து நிமிடத்தில் காலி. அப்புறம் அந்தக் கைகள் என்ன செய்யும்? கலிபோர்னியாவில் ஆராய்ச்சி மையம் ஒன்றின் ரீசஸ் குரங்குகளைக் கவனித்தபோது, சரளைக்கல் தரையில் இருந்தவற்றைவிடப் புல்தரையில் இருந்தவை அதிக நேரம் இரை தேடின, முடியும் குறைவாகவே இழந்தன.

அதனால் சிமெண்ட் தரையில் வைக்கோலைக் கனமாகப் பரப்பி, ஊறவைத்த பயறு, நிலக்கடலையை அதற்குள் தூவுங்கள். தினமும் இலையோடு கிளை போடுங்கள். உணவை நாலைந்து இடத்தில் பிரித்து வைத்தால்தான் அடங்கிப் போகும் குரங்குக்கும் வயிறு நிறையும். பழத்தையும் பிஸ்கட்டையும் குறைத்துப் பயறு, முட்டையைக் கூட்டுங்கள். முடிக்குப் புரதம் வேண்டும். ஒளிந்துகொள்ள ஒரு மறைப்பும் வேண்டும்.

முடி பிடுங்குகிறது என்று தனிக்கூண்டில் மட்டும் போட்டுவிடாதீர்கள். தனிமையில் அது தன்னையே பிடுங்கத் தொடங்கும், அதை நிறுத்துவது மிகக் கடினம்.

15 நாளுக்கு ஒருமுறை ஒரே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். மூன்று மாதத்தில் புது முளை தெரியாவிட்டால் அந்தப் படங்களோடு மருத்துவரிடம் போய் ரத்தப் பரிசோதனையும் தோல் துணுக்குப் பரிசோதனையும் கேளுங்கள்.